பொடன்சே ஏரிக்கரையில் ஒரு நாள் சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெர்மனியின் தெற்கு ஓரத்தில், பொடன்சே ஏரியை ஒட்டிய சின்ன ஊர் ஒன்றில் சில வருடங்களாகக் குடியிருக்கிறேன். மே மாதம் பிறந்தால் போதும், ஸ்டுட்கார்ட்டிலிருந்தும் மியூனிக்கிலிருந்தும் நண்பர்கள் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்: "அங்கே ஒரு நாள் சைக்கிளில் சுற்றணுமே, எப்படி?" ஆளாளுக்கு வாட்ஸப்பில் தனித்தனியாகத் தட்டித் தட்டி விரல் ஓய்ந்துவிட்டது. அதனால் கேள்விகளையும் பதில்களையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இதெல்லாம் நின்று நிதானமாகச் சுற்ற வருபவர்களுக்கு. மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே மிதிப்பவர்களுக்கு இதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

பொடன்சேயும் லேக் கான்ஸ்டன்ஸும் வேறு வேறா?

ஒன்றுதான். ஆங்கிலத்தில் லேக் கான்ஸ்டன்ஸ், ஜெர்மனில் பொடன்சே. 'ஸே' என்றாலே ஜெர்மனில் ஏரிதான். ஆகவே 'பொடன்சே ஏரி' என்று நான் எழுதுவது 'நடு சென்டர்' மாதிரிதான், பொறுத்துக்கொள்ளுங்கள். பரப்பு 536 சதுர கிலோமீட்டர், நீளம் 63 கிலோமீட்டர், மிக ஆழமான இடத்தில் 251 மீட்டர். கரையை ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து என மூன்று நாடுகள் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. ரைன் ஆறு ஒரு பக்கம் உள்ளே வந்து மறுபக்கம் வெளியேறுகிறது.

ஒரு நாளைக்கு எந்த வழி நல்லது?

நான் எல்லோருக்கும் சொல்வது ஒரே வழிதான். காலையில் கான்ஸ்டன்ஸ் ரயில் நிலையத்தில் தொடங்குங்கள். ஊருக்குள்ளேயே நாலைந்து கிலோமீட்டர் மிதித்தால் ஷ்டாட் படகுத்துறை. அங்கிருந்து கார், லாரி, சைக்கிள் எல்லாம் ஏற்றிச் செல்லும் ஃபெர்ரியில் கால் மணி நேரம், அக்கரையில் மீர்ஸ்பூர்க். பிறகு ஏரியை வலப்பக்கம் வைத்துக்கொண்டு கிழக்கே ஹாக்னாவ், இம்மன்ஷ்டாட், கடைசியாக ஃப்ரீட்ரிஷ்ஹாஃபன். இந்தப் பகுதி சுமார் 20 கிலோமீட்டர். மாலையில் ஃப்ரீட்ரிஷ்ஹாஃபனிலிருந்து பயணிகள் படகில் நேராக கான்ஸ்டன்ஸ் வந்துவிடலாம்.

இதில் எனக்குப் பிடித்தது, போன வழியிலேயே திரும்ப வேண்டியதில்லை என்பது. ஏரியை இரண்டு முறை படகில் கடக்கிறீர்கள், நடுவில் சைக்கிள்.

மொத்தமே 25 கிலோமீட்டர்தானா? ஒரு நாளைக்கு இது ரொம்பக் குறைவு இல்லையா?

எல்லோரும் கேட்பது இதைத்தான். மேப்பில் பார்க்கும்போது கை துறுதுறுக்கும், "லிண்டாவ் வரைக்கும் போயிடலாமே, இன்னும் 25 கிலோமீட்டர்தானே" என்று தோன்றும். போகலாம். உடம்பு தாங்கும், பாதையும் பெரும்பாலும் சமதளம்தான். ஆனால் அப்படிப் போனவர்களிடம் மாலையில் "ஹாக்னாவ் எப்படி இருந்தது?" என்று கேட்டுப்பாருங்கள். "அது எது?" என்பார்கள்.

என் கணக்கு இது. ஃபெர்ரிக்கும் அதற்கான காத்திருப்புக்கும் அரை மணி நேரம். மீர்ஸ்பூர்க்கில் மலைமேல் ஏறி இறங்க ஒன்றரை மணி நேரம். நடுவே ஓரிடத்தில் தண்ணீரில் இறங்கினால், துவட்டி உடை மாற்றிக் கிளம்ப ஒரு மணி நேரம். சாப்பாடு, காபி. பழக்கடையில் நிற்பது, திராட்சைத் தோட்டத்து பெஞ்சில் காரணமே இல்லாமல் உட்கார்ந்திருப்பது. அப்புறம் ஃப்ரீட்ரிஷ்ஹாஃபனில் மியூசியம் பார்த்தால் இரண்டு மணி நேரம். கூட்டிப் பாருங்கள், மிதிக்கவே நேரம் மிச்சமில்லை. அதனால் கிலோமீட்டரை விட்டுவிட்டு எங்கெங்கே இறங்குவது என்பதைத் திட்டமிடுங்கள்.

இன்னும் மிதிக்கத்தான் வேண்டும் என்றால், ஃப்ரீட்ரிஷ்ஹாஃபனைத் தாண்டி எரிஸ்கிர்ஷ் நாணற்காடு வழியாக லாங்கன்ஆர்கன் வரை போய், அங்கிருந்து ரயிலில் ஃப்ரீட்ரிஷ்ஹாஃபன் திரும்புங்கள். கூடுதலாகப் பத்து கிலோமீட்டர்தான் ஆகும். மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் அந்த நாணற்காட்டுப் புல்வெளி முழுக்க நீல ஐரிஸ் பூக்கள். அதற்காகவே போகலாம்.

ஏரியை முழுசாக ஒரே நாளில் சுற்ற முடியாதா?

முழுச்சுற்று ஏறக்குறைய 260 கிலோமீட்டர். பந்தய சைக்கிள்காரர்கள் விடியுமுன் கிளம்பி முடித்துவிடுகிறார்கள். மற்றவர்கள் நாலைந்து நாள், ஒரு வாரம்கூட எடுத்துக்கொள்வார்கள்.

வழி முழுக்க ஏரி தெரியுமா?

தெரியாது. இதை முன்பே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் படங்களைப் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு முதல் ஏமாற்றம் இதில்தான். கரையில் பல இடங்களில் தனியார் வீடுகளும் முகாம் இடங்களும் படகுக் கொட்டகைகளும் இருக்கின்றன. நாணல் வளர்ந்த பகுதிகள் பாதுகாக்கப்பட்டவை, உள்ளே போகக்கூடாது. ஆகவே சைக்கிள் பாதை அடிக்கடி கரையை விட்டு விலகி ஆப்பிள் தோட்டங்களுக்குள் புகுந்துவிடும். சில இடங்களில் நெடுஞ்சாலைக்குப் பக்கத்திலேயே ஓடும், லாரிச் சத்தம் காதைத் துளைக்கும். இம்மன்ஷ்டாட்டுக்கும் ஃப்ரீட்ரிஷ்ஹாஃபனுக்கும் இடையே இப்படிச் சில துண்டுகள் உண்டு. அவற்றை வேகமாகக் கடந்துவிடுங்கள்.

ஆப்பிள் தோட்டம் என்றதும் விரிந்து நிழல் தரும் மரங்களை நினைக்காதீர்கள். இங்கே மரங்கள் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேல், கம்பிகளில் கட்டி, வரிசை வரிசையாக நிற்கும். மேலே ஆலங்கட்டி மழையைத் தடுக்க வலை கட்டியிருப்பார்கள். முதல் பார்வைக்கு ஏதோ தொழிற்சாலை போல இருக்கும். ஆனால் ஏப்ரல் கடைசியில் அந்த வரிசைகளுக்கு நடுவே போகும்போது இரண்டு பக்கமும் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூ, காதருகே தேனீக்களின் ரீங்காரம். செப்டம்பரில் அதே இடத்தில் பழுத்த ஆப்பிள் வாசனை. ஏரி தெரியவில்லையே என்ற குறை அங்கே எழாது.

மீர்ஸ்பூர்க்கிலிருந்து ஹாக்னாவ் வரையிலான நாலு கிலோமீட்டரில் மட்டும் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. இடப்பக்கம் திராட்சைச் சரிவு, வலப்பக்கம் ஏரி. வானம் தெளிந்த நாளில் அக்கரைக்குப் பின்னால் சுவிஸ் ஆல்ப்ஸ், அதில் தலை நிமிர்ந்து நிற்பது சென்டிஸ் சிகரம், 2502 மீட்டர். தெற்கிலிருந்து ஃபோன் என்ற வெப்பக்காற்று வீசும் நாட்களில் மலைகள் கைநீட்டினால் தொட்டுவிடலாம் போலப் பக்கத்தில் வந்து நிற்கும். அது அழகுதான், ஆனால் அந்தக் காற்று ஏரியில் சட்டென்று அலையைக் கிளப்பும் காற்றும்கூட.

எந்த மாதம் வரலாம்?

பூ வேண்டுமானால் ஏப்ரல் கடைசி முதல் மே தொடக்கம். குளிக்க வேண்டுமானால் ஜூலை, ஆகஸ்ட். ஆனால் ஆகஸ்டில் பாதையில் சைக்கிள் நெரிசல் திருவிழாக் கூட்டம் போல இருக்கும். என்னைக் கேட்டால் செப்டம்பர். தண்ணீர் இன்னும் குளிரவில்லை, ஆப்பிளும் திராட்சையும் அறுவடையில், மாத நடுவில் பள்ளி விடுமுறை முடிந்ததும் கூட்டம் குறைந்துவிடும். நவம்பரில் ஏரிமேல் மூடுபனி நாள்கணக்கில் உட்கார்ந்துகொள்ளும், பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது.

எந்த மாதிரி சைக்கிள் வாடகைக்கு எடுப்பது? மின்சைக்கிள் தேவையா?

சாதாரண ஏழு கியர் சைக்கிளே போதும். பெரிய மேடு எதுவும் இல்லை. முழங்கால் வலி உள்ளவர்களும் பெற்றோரைக் கூட்டி வருபவர்களும் மின்சைக்கிள் எடுக்கலாம். மணிக்கு 25 கிலோமீட்டர் வரை மட்டும் மோட்டார் உதவும் வகைக்கு லைசென்ஸ் தேவையில்லை. கோடையில் முதல் நாளே சொல்லிவைத்துவிடுங்கள், உயரத்தையும் சொல்லுங்கள். கடைக்காரர் சீட்டை உங்களுக்கேற்ப ஏற்றி இறக்கித் தருவார்.

இதைவிட முக்கியமானது பிரேக். நம் ஊரில் வலது கைப்பிடி முன்சக்கரத்துக்கு, இடது பின்சக்கரத்துக்கு. இங்கே தலைகீழ். அவசரத்தில் பழக்கதோஷத்தில் இடது கையை இறுக்கினால் முன்சக்கரம் பிடித்துக்கொண்டு ஆளைத் தூக்கிப்போடும். அது போதாதென்று, பல வாடகை சைக்கிள்களில் பெடலைப் பின்னோக்கி மிதித்தாலும் பிரேக் பிடிக்கும். இது நமக்குச் சுத்தமாகப் பழக்கமில்லாத விஷயம். சிறுவயதிலிருந்து நாம் சும்மா உருளும்போது பெடலைப் பின்னால் சுற்றி செயின் 'கிர்ர்' என்று ஓடும் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவர்கள். என் அத்தை மகன் வந்திருந்தபோது கடையை விட்டு வெளியே வந்த பத்தாவது மீட்டரில் அதைத்தான் செய்தான். சைக்கிள் ஆணி அடித்தாற்போல நின்றது, இவன் ஹேண்டில்பார் மேல் கவிழ்ந்தான். அடியில்லை, மானம்தான் போயிற்று. பின்னால் வந்த ஒரு பாட்டி மணியடித்துவிட்டு, அவனைச் சுற்றிக்கொண்டு, திரும்பியும் பாராமல் போய்விட்டார். அதிலிருந்து யார் வந்தாலும் கடை வாசலில் ஐந்து நிமிடம் 'பிரேக் பாடம்' நடத்தாமல் நான் கிளம்புவதில்லை.

சாலை விதிகள் ஏதாவது தெரிந்திருக்க வேண்டுமா?

வலது பக்கம் ஓட்ட வேண்டும். நேரே போகும்போது இது தானாக வந்துவிடும். மறந்துபோவது இடப்பக்கம் திரும்பும்போதும், காபி குடித்துவிட்டு மறுபடி சாலையில் ஏறும்போதும்தான். பலகை, சிக்னல் எதுவும் இல்லாத முக்கில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். அவர் சின்னச் சந்திலிருந்து வந்தாலும், நீங்கள் பெரிய தெருவில் போனாலும் அதுதான் விதி.

நீல வட்டத்தில் வெள்ளை சைக்கிள் படம் இருந்தால் அந்தப் பாதையில்தான் போக வேண்டும், சாலையில் இறங்கக்கூடாது. நடைபாதையில் பெரியவர்கள் ஓட்டக்கூடாது. ஆனால் 'ராட்ஃபாரர் ஃப்ரை' என்று சிறு பலகை இருந்தால் சைக்கிளுக்கும் அனுமதி உண்டு, நடப்பவர்களின் வேகத்துக்கு இறங்கிப் போக வேண்டும். 'ஊம்லைட்டுங்' என்றால் மாற்றுவழி. அதை மதித்துப் போய்விடுங்கள், குறுக்குவழி தேடினால் ஏதாவது திராட்சைத் தோட்டத்துக்குள் முட்டி நிற்பீர்கள். ஓட்டும்போது போனைக் கையில் எடுத்தால் 55 யூரோ அபராதம். மேப் பார்க்க வேண்டுமானால் ஓரம்கட்டி நில்லுங்கள்.

மணி அடிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே மணி என்பது "வருகிறேன்" என்று தூரத்திலேயே ஒருமுறை சொல்லும் சமிக்ஞை. முதுகுக்குப் பின்னால் வந்து கிணிகிணி என்று அடித்தால் முறைப்பார்கள்.

பின்னால் கேரியரில் ஒருவரை உட்காரவைத்து டபுள்ஸ் போகலாமா?

கூடாது. ஆள் உட்காருவதற்கென்றே செய்த சைக்கிளாக இருக்க வேண்டும். சாதாரண கேரியரில் பெரியவர்களை ஏற்றினால் போலீஸ் நிறுத்தும்.

குழந்தைகளோடு வரலாமா? ஹெல்மெட் கட்டாயமா?

தாராளமாக வரலாம். இந்தப் பாதையில் பாதிக் கூட்டம் குழந்தை குட்டிகளோடு வருபவர்கள்தான். கைக்குழந்தைக்கு சைக்கிளின் பின்னால் இழுத்துப்போகும் கூடார வண்டி வாடகைக்குக் கிடைக்கும். எட்டு வயதுக்குள் உள்ள பிள்ளைகள் சாலையில் ஓட்டக்கூடாது, நடைபாதையிலோ சாலையிலிருந்து தனியாகப் பிரித்த சைக்கிள் பாதையிலோதான் ஓட்ட வேண்டும். கூடப் போகும் பெரியவர் ஒருவரும் அவர்களோடு நடைபாதையில் ஓட்டலாம். ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமில்லை. போடுங்கள்.

வழியில் எதையெல்லாம் தவறவிடக்கூடாது?

கான்ஸ்டன்ஸ் துறைமுக வாசலில் ஒன்பது மீட்டர் உயரத்தில் ஒரு பெண் சிலை நிற்கிறது. பெயர் இம்பீரியா, 1993இல் பீட்டர் லென்க் என்ற சிற்பி வைத்தது. நாலு நிமிடத்துக்கு ஒருமுறை தன்னைத்தானே முழுதாகச் சுற்றிக்கொள்ளும். இரண்டு கைகளிலும் இரண்டு குட்டி மனிதர்கள், ஆடையில்லாமல். ஒருவர் தலையில் போப்பின் கிரீடம், மற்றவர் தலையில் பேரரசரின் கிரீடம். 1414 முதல் 1418 வரை இந்த ஊரில்தான் கத்தோலிக்கத் திருச்சபையின் பெரிய பொதுச்சங்கம் கூடி, ஒரே நேரத்தில் மூன்று பேர் தாங்கள்தான் போப் என்று சொல்லிக்கொண்டிருந்த குழப்பத்தைத் தீர்த்தது. யான் ஹுஸ் என்ற சீர்திருத்தவாதியை 1415இல் உயிரோடு எரித்ததும் அதே சங்கம்தான். அந்தப் பெரிய மனிதர்களைப் பார்த்துச் சிரிக்கும் சிலை இது.

ஷ்டாட் போகும் வழியில் ரைன் பாலத்தைக் கடப்பீர்கள். ரைன் ஆற்றின் கிலோமீட்டர்க் கணக்கு பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குவது அங்கேதான்.

மீர்ஸ்பூர்க்கில் கீழூர், மேலூர் என்று இரண்டு. சைக்கிளைக் கீழேயே பூட்டிவிட்டு நடந்து ஏறுங்கள், செங்குத்தான கல் பதித்த சந்து அது. மேலே பழைய கோட்டை. ஜெர்மன் கவிஞர் அன்னெட்ட ஃபான் ட்ரோஸ்ட-ஹ்யூல்ஸ்ஹோஃப் கடைசி வருடங்களில் தங்கியிருந்து 1848இல் இறந்தது இங்கேதான். கோட்டைக்கு வெளியே உள்ள மதிலோரத்திலிருந்து ஏரியைப் பார்க்கக் காசு கிடையாது.

ஹாக்னாவ் சின்ன ஊர், ஆனால் எனக்கு மீர்ஸ்பூர்க்கைவிடப் பிடிக்கும். இங்கே பாதிரியாராக இருந்த ஹைன்ரிஷ் ஹான்ஸ்யாகோப், வியாபாரிகள் விலையை அடித்துக் கேட்பதைப் பொறுக்காமல் 1881இல் திராட்சை விவசாயிகளைச் சேர்த்துக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். அது இன்றும் ஒயின் விற்கிறது. இந்த ஊருக்கு இன்னொரு கதையும் உண்டு. ஏரி முழுதாக உறைந்துபோகும் அபூர்வமான குளிர்காலத்தில், அப்போஸ்தலர் யோவானின் மார்பளவுச் சிலையை ஊர்வலமாகப் பனிக்கட்டி மேல் நடந்தே அக்கரைக்குக் கொண்டுபோவார்கள். ஹாக்னாவில் இருந்தால் சுவிஸ் பக்கத்து ம்யுன்ஸ்டர்லிங்கனுக்கு, அங்கே இருந்தால் இங்கே. கடைசியாக ஏரி அப்படி உறைந்தது 1963 பிப்ரவரியில். அன்று ஹாக்னாவிலிருந்து போன யோவான் இன்னும் சுவிட்சர்லாந்தில்தான் இருக்கிறார். ஏரி மறுபடி உறைந்தால்தானே திரும்புவது?

ஃப்ரீட்ரிஷ்ஹாஃபனுக்குள் நுழைந்ததும் "இதென்ன, பழைய வீடே இல்லையே?" என்று தோன்றும். இரண்டாம் உலகப்போரில் இங்கிருந்த தொழிற்சாலைகளுக்காகக் குண்டு போட்டு ஊரைத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். அந்தத் தொழிற்சாலைகள் வந்ததே ஆகாயக் கப்பலால்தான். கான்ஸ்டன்ஸில் பிறந்த ஃபெர்டினாண்ட் ஃபான் ட்செப்பலின் பிரபுவின் முதல் ஆகாயக் கப்பல் 1900 ஜூலை 2ஆம் தேதி, ஃப்ரீட்ரிஷ்ஹாஃபனை ஒட்டிய மான்ட்செல் வளைகுடாவிலிருந்து கிளம்பியது. சுமார் 18 நிமிடம் பறந்தது. பழைய துறைமுக ரயில் நிலையத்தில் இப்போது ட்செப்பலின் மியூசியம் இருக்கிறது. அங்கே ஹிண்டன்பர்க் ஆகாயக் கப்பலின் ஒரு துண்டை 33 மீட்டர் நீளத்துக்கு அசல் அளவில் கட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே ஏறிப் பயணிகள் அறையைப் பார்க்கலாம். கட்டில் இரண்டும் ரயில் பெர்த் போல, ஒன்றின் மேல் ஒன்று.

மியூசியம் போக நேரமில்லையென்றால் வானத்தைப் பாருங்கள். இன்றைய ட்செப்பலின் ஆகாயக் கப்பல், 75 மீட்டர் நீளம், கோடை நாட்களில் சுற்றுலாப் பயணிகளோடு கரையோரம் மெதுவாக மிதந்து போகும். முதலில் உறுமல் மாதிரி ஒரு சத்தம் கேட்கும், எங்கிருந்து என்று புரியாது. பிறகு ஆப்பிள் வலைகளுக்கு மேலே வெள்ளையாக ஒரு மூக்கு எட்டிப்பார்க்கும்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு என்ன கிடைக்கும்?

காலையில் பேக்கரியில் 'ஸேல' என்று கேளுங்கள். ஒரு சாண் நீளத்துக்குக் கரடுமுரடான ரொட்டி, மேலே கல் உப்பும் சீமைச் சோம்பும். 'ஸேல' என்றால் ஜெர்மனில் ஆன்மா என்று பொருள். "இரண்டு ஆன்மா கொடுங்கள்" என்று கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளும் வாய்ப்பு வேறு ஊரில் கிடைக்காது. வெண்ணெய் தடவிய ப்ரெட்செலும் உண்டு.

மதியத்துக்கு 'கேஸ்ஷ்பெட்ஸ்ல': மாவைக் கொதிநீரில் சிறு துண்டுகளாக விட்டு வேகவைத்து, பாலாடைக்கட்டி உருக்கிக் கலந்து, மேலே பொரித்த வெங்காயம் தூவித் தருவார்கள். ஒரு தட்டு சாப்பிட்டால் பெடல் மிதிக்கக் கால் வராது, இருவராகப் பகிர்ந்துகொள்ளுங்கள். மெல்லிய ரொட்டிமேல் வெங்காயமும் க்ரீமும் பரப்பிச் சுடும் 'டின்னல' நன்றாக இருக்கும். ஆனால் அதில் பன்றிக்கொழுப்புத் துண்டுகள் போடுவது வழக்கம், 'ஓன ஷ்பெக்' என்று சொல்லிவிடுங்கள், அது இல்லாமல் தருவார்கள். காரம் எதிர்பார்க்காதீர்கள். என் சைக்கிள் பையில் எப்போதும் ஒரு சின்ன டப்பாவில் இட்லிப்பொடி இருக்கும், வெட்கமே கிடையாது.

மீன் சாப்பிடுபவர்களுக்கு ஒரு செய்தி. இந்த ஏரியின் பெயர்பெற்ற மீன் 'ஃபெல்ஷன்'. அது வெகுவாகக் குறைந்துபோனதால், பெரிய ஏரிப் பகுதியில் (ஏரியின் 'ஓபர்ஸே' எனும் முக்கியப் பாகம்) 2024 முதல் மூன்று வருடங்களுக்கு அதைப் பிடிக்கத் தடை போட்டார்கள். ஆகவே மெனுவில் அந்தப் பெயர் இருந்தால் எங்கிருந்து வந்தது என்று கேட்பதில் தப்பில்லை.

வழியோரத்தில் ஆளே இல்லாத பழக்கடைகள் இருக்கின்றன. எப்படி வாங்குவது?

விலை எழுதியிருக்கும், பக்கத்தில் உண்டியல் இருக்கும். காசைப் போட்டுவிட்டுப் பழத்தை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். சில தோட்டங்களில் பூக்களையும் இப்படி நீங்களே வெட்டிக்கொள்ளலாம், கத்தி கயிற்றில் கட்டித் தொங்கும். போன செப்டம்பரில் ஒரு பண்ணை வாசலில் மரப்பெட்டி நிறைய ஆப்பிள், காகிதப் பைகள், ஒரு பழைய தகர டப்பா. மூடியில் கத்தியால் கீறிய துளை. பேனாவில் எழுதிய அட்டையில் மழைத்துளி பட்டு எழுத்து ஊதாவாகக் கலைந்திருந்தது, 'மீதி தர முடியாது' என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. என்னிடம் ஐந்து யூரோ நோட்டுத்தான் இருந்தது. பை இரண்டு யூரோ. கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு நோட்டைப் போட்டு இரண்டு பை எடுத்தேன். கேரியரில் அத்தனை ஆப்பிளைக் கட்டிக்கொண்டு ஓட்டியது தனிக்கதை. சில்லறை கொண்டுவாருங்கள். கழிப்பறைக்கும் அது தேவைப்படும்.

பீர் குடித்துவிட்டு ஓட்டலாமா?

இங்கே பீரும் லெமனேடும் பாதிப்பாதி கலந்த பானத்துக்கு 'ராட்லர்' என்று பெயர், அதன் அர்த்தமே சைக்கிள்காரர். ஆகவே மதிய வெயிலில் ஒன்று குடிப்பதை யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்க மாட்டார்கள். ஆனால் இரத்தத்தில் ஆல்கஹால் 1.6 புரோமில் (ஆயிரத்துக்கு 1.6 பங்கு) தொட்டால் சைக்கிளிலும் அது குற்றம். தள்ளாடி ஓட்டினாலோ விபத்து நேர்ந்தாலோ 0.3 போதும் மாட்டிக்கொள்ள. குடிக்காதவர்களுக்கு ஆப்பிள் ஜூஸில் சோடா கலந்த 'அப்ஃபெல்ஷோர்ல' இருக்கிறது, தாகத்துக்கு அதுதான் உண்மையிலேயே நல்லது.

ஏரியில் குளிக்கலாமா? தண்ணீர் சுத்தமா?

குளிக்கலாம். சுத்தத்துக்கு ஒரு சாட்சி: ஸிப்ளிங்கன் ஊரருகே 60 மீட்டர் ஆழத்திலிருந்து எடுக்கும் இந்த ஏரித் தண்ணீரைத்தான் சுத்திகரித்து ஏறக்குறைய 40 லட்சம் பேர் குடிக்கிறார்கள், ஸ்டுட்கார்ட் உட்பட. கரை மணலாக இருக்காது, கூழாங்கல்தான். பழைய ரப்பர் செருப்பு ஒன்று கொண்டுவாருங்கள். டிக்கெட் வாங்கிப் போகும் குளியல் துறைகளில் உடைமாற்ற அறை உண்டு, இலவசப் புல்வெளிகளில் துண்டைச் சுற்றிக்கொண்டு சமாளிக்க வேண்டும், நமக்குத் தெரியாத வித்தையா? குடிநீர் பாட்டிலை ஊர் நீரூற்றுகளில் நிரப்பலாம், 'கைன் ட்ரிங்க்வாஸர்' என்ற பலகை இருந்தால் மட்டும் குடிக்காதீர்கள்.

கரையில் ஆரஞ்சு விளக்கு சுழன்று மின்னுகிறதே, அது என்ன?

புயல் எச்சரிக்கை. நிமிடத்துக்கு 40 முறை மின்னினால் பலத்த காற்று வரலாம், 90 முறை மின்னினால் புயல். படகுக்காரர்களுக்கான அறிவிப்புதான், ஆனால் சைக்கிளில் இருப்பவர்களும் கவனிக்க வேண்டும். கோடை மாலைகளில் இடி மின்னல் மேற்கிலிருந்து அரை மணி நேரத்தில் வந்து இறங்கிவிடும். விளக்கு மின்ன ஆரம்பித்ததும் தண்ணீரை விட்டு வெளியே வாருங்கள், அடுத்த ஊரில் ஒரு காபிக் கடையைப் பிடித்து உட்காருங்கள்.

பஞ்சர் ஆனால்?

பஞ்சர் ஒட்டும் கடை ஊருக்கு ஊர் மரத்தடியில் இருக்காது. வாடகைக் கடையிலேயே ஒட்டுப்போடும் பெட்டியும் பம்பும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சில சைக்கிள் கடைகளின் வெளிச்சுவரில் மிட்டாய் மிஷின் மாதிரி ஒரு பெட்டி தொங்கும், காசு போட்டால் டியூப் விழும். கடை மூடியிருந்தாலும் கவலையில்லை. ஆனால் டயர் அளவும் வால்வு வகையும் தெரிந்திருக்க வேண்டும், கிளம்புமுன் டயர் ஓரத்தில் எழுதியிருப்பதை ஒரு போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள்.

பாஸ்போர்ட் தேவையா? அக்கரை சுவிட்சர்லாந்து ஆயிற்றே?

இந்த வழி முழுக்க ஜெர்மனிக்குள்தான். இருந்தாலும் பாஸ்போர்ட்டோ குடியிருப்பு அட்டையோ கையில் வைத்திருங்கள். பெரிய ஏரிப் பகுதியில் எல்லை எங்கே ஓடுகிறது என்று மூன்று நாடுகளும் இன்றுவரை ஒப்பந்தம் போட்டுக்கொள்ளவே இல்லை என்பது தனி வேடிக்கை.

உண்மையான ஆபத்து பாஸ்போர்ட்டில் இல்லை, போனில். கரையில் நிற்கும்போதே உங்கள் போன் அக்கரையிலிருக்கும் சுவிஸ் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, பல ஜெர்மன் சிம்களில் ரோமிங் கட்டணம் தீட்டிவிடும். படகில் ஏறுமுன் டேட்டா ரோமிங்கை அணைத்துவிடுங்கள். நான் ஒருமுறை படகில் உட்கார்ந்து வீடியோ அழைப்பில் ஊருக்கு ஏரியைக் காட்டினேன். அந்த மாத பில்லில் இன்னொரு நாள் சைக்கிளே வாடகைக்கு எடுத்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை வரலாமா?

வரலாம், ஆனால் சூப்பர் மார்க்கெட் எதுவும் திறந்திருக்காது. பேக்கரிகள் காலையில் சில மணி நேரம் திறந்திருக்கும். சனிக்கிழமையே பழம், பிஸ்கட் வாங்கிவிடுங்கள்.

திரும்புவது எப்படி? கடைசிப் படகை விட்டுவிட்டால்?

ஃப்ரீட்ரிஷ்ஹாஃபன் துறைமுகத்திலிருந்து கான்ஸ்டன்ஸுக்கு ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவிடும் விரைவுப் படகு 2005 முதல் ஓடுகிறது. சைக்கிளும் ஏற்றலாம், இடம் கொஞ்சம்தான், கோடை ஞாயிறு மாலைகளில் சீக்கிரமே வரிசையில் நில்லுங்கள். படகின் பெயரைச் சொன்னால் சிரிப்பீர்கள்: கட்டமரான். ஆமாம், நம் கட்டுமரம்தான், ஐரோப்பிய மொழிகளுக்குள் போய் ஊர் சுற்றிவிட்டு இங்கே டிக்கெட்டில் அச்சாகி நிற்கிறது. மரக்கட்டைகளைக் கயிற்றால் பிணைத்த அந்தப் பழைய ஓடத்துக்கும் இரண்டு அடிப்பாகங்களோடு சீறிப் போகும் இந்தக் கண்ணாடிப் படகுக்கும் சாயல் ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒலிபெருக்கியில் ஜெர்மன் உச்சரிப்பில் அந்தச் சொல் கேட்கும்போதெல்லாம் என் காது தானாக நிமிரும்.

இரவில் படகுகள் குறைந்துவிடும், கடைசி நேரம் எதுவென்று காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். விட்டுவிட்டால் வந்த வழியே மீர்ஸ்பூர்க்குக்கு 20 கிலோமீட்டர் மிதிக்க வேண்டும். ஃபெர்ரி அங்கே இரவு முழுக்க, வருடம் முழுக்க ஓடுகிறது, அதனால் நடுரோட்டில் நிற்க மாட்டீர்கள். சைக்கிளின் முன்விளக்கும் பின்விளக்கும் எரிகின்றனவா என்று மட்டும் காலையில் கடையிலேயே பார்த்துவிடுங்கள், ஆப்பிள் தோட்டத்துக்குள் தெருவிளக்கு கிடையாது.